வெள்ளிக்கிழமை லிஸ்ட்

நான் பிறருக்குப் பரிந்துரைத்து, நானே கேட்காத பாட்காஸ்ட் எபிசோடுகள் மொத்தம் 211. உத்தேசக் கணக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பழைய வாட்ஸப் மெசேஜ்களை மேலே மேலே தள்ளி, போனில் இருந்த கேட்ட வரலாற்றோடு ஒப்பிட்டு எண்ணியது. மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஏன் அப்படி எண்ண வேண்டி வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ஒரு வெப் டெவலப்பர். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டிடங்களில் ஒன்றில் வேலை. வீடு தாம்பரத்தில். காலையில் பஸ் ஏறினால் மேடவாக்கம், பெரும்பாக்கம் தாண்டி சோழிங்கநல்லூர் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். மழை நாளில் அதற்கு மேல் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் பாட்டு கேட்டு அலுத்துப்போய்த்தான் பாட்காஸ்ட் பக்கம் வந்தேன். வலையொலி என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது. ஆனால் டீக்கடையில் ஒருவர்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் பாட்காஸ்ட் என்றே எழுதிவிடுகிறேன்.

2019-ல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீம் குரூப்பில் இரண்டே இரண்டு விஷயம் போட்டேன். ஒன்று, ஜென் சிம்மன்ஸ் என்பவரின் 'லேஅவுட் லேண்ட்' வீடியோக்கள். சிஎஸ்எஸ் கிரிட் 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டது. நாங்கள் அப்போதும் ஃப்ளோட்டைப் போட்டு, அது சரிந்து விழ, அதைத் தூக்கி நிறுத்த இன்னொன்று போட்டு, ஓட்டை வீட்டுக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி பக்கம் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த வீடியோக்களைப் பார்த்த வாரத்தில் என் கோடு பாதியாகக் குறைந்தது. இன்னொன்று 'ஷாப்டாக் ஷோ'. கிறிஸ் கோயர், டேவ் ரூபர்ட் என்று இரண்டு பேர் 2012-லிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டையும் ஏன் பிடித்தது என்று நாலு வரி எழுதினேன். அவ்வளவுதான். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அடுத்த வெள்ளியும் போட்டேன். அதற்கடுத்த வெள்ளி மறந்துபோனது. "இன்னைக்கு லிஸ்ட் இல்லையா ப்ரோ?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த ஒரு கேள்விதான். அதிலிருந்து அது வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஆகிவிட்டது.

ஆரம்ப காலத்து லிஸ்ட் நல்ல லிஸ்ட். இப்போது படித்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவளைகளைத் தாமரை இலைமேல் உட்காரவைத்து ஃப்ளெக்ஸ்பாக்ஸ் கற்றுக்கொடுக்கும் 'ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஃப்ராகி' விளையாட்டை நானே 24 நிலையும் விளையாடி முடித்துவிட்டுத்தான் போட்டேன். வெஸ் பாஸும் ஸ்காட் டொலின்ஸ்கியும் நடத்தும் 'சின்டாக்ஸ்' பற்றி, "நல்லா இருக்கு, ஆனா முதல் அஞ்சு நிமிஷம் சொந்தக் கதை, தள்ளிட்டுக் கேளுங்க" என்று எழுதியிருக்கிறேன். கேட்டவன் மட்டும்தான் அப்படி எழுத முடியும்.

2020 மார்ச் தொடக்கத்தில், லாக்டவுனுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னால், 'ரிப்ளை ஆல்' என்ற பாட்காஸ்டில் 'காணாமல் போன ஹிட்' பற்றி ஒரு எபிசோடு வந்தது. ஒரு மனிதருக்குச் சின்ன வயதில் ரேடியோவில் கேட்ட பாட்டு ஒன்று மனசில் அப்படியே இருக்கிறது. மெட்டு, வரிகள், எல்லாம். ஆனால் இணையத்தில் எங்கு தேடினாலும் அப்படி ஒரு பாட்டே இல்லை. நினைவை நம்புவதா, தேடுபொறியை நம்புவதா? அவர் பாடிக்காட்டியதை வைத்து ஒரு இசைக்குழுவைக் கூட்டி அந்தப் பாட்டை மறுபடி உருவாக்குகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே வந்ததில் சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டிப் போய்விட்டது. இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன், நடந்துகொண்டே மீதியைக் கேட்டேன். அந்த வாரம் லிஸ்டில் அது ஒன்றுதான். "டெக்னாலஜி இல்ல, ஆனா கேளுங்க" என்று மட்டும் எழுதினேன்.

அதுதான் நேர்மையான கடைசி லிஸ்ட் என்று இப்போது தோன்றுகிறது.

லாக்டவுன் வந்தது. பஸ் போச்சு. பஸ்ஸோடு அந்த ஒன்றேகால் மணி நேரமும் போச்சு. இரண்டு ரூம் வீட்டில் அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள், ஆன்லைன் கிளாஸ். காதில் எதை மாட்டினாலும் யாராவது கூப்பிடுவார்கள். நான் பாட்காஸ்ட் கேட்பது கிட்டத்தட்ட நின்றே போனது. ஆனால் லிஸ்ட் மட்டும் நிற்கவில்லை. அதற்குப் பதில் வளர்ந்தது. இரண்டு நாலானது, நாலு பத்தானது.

எப்படி என்றால், உலகத்தில் லிஸ்டுகளுக்கா பஞ்சம்? 2010-லிருந்து வந்துகொண்டிருக்கும் 'ஜாவாஸ்கிரிப்ட் வீக்லி' மாதிரி எத்தனையோ வாரமடல்கள் மெயிலில் வந்து விழுகின்றன. வியாழக்கிழமை ராத்திரி நாலைந்தைத் திறந்து, தலைப்பைப் பார்த்து, கீழே இருக்கும் மூன்று வரி அறிமுகத்தைத் தங்கிலீஷாக மாற்றி, "செம எபிசோடு, மிஸ் பண்ணாதீங்க" என்று சேர்த்தால் முடிந்தது. இருபது நிமிஷ வேலை. யாரையும் ஏமாற்றுகிறேன் என்று தோன்றவே இல்லை. ஊரே தண்ணீர் லாரியிலிருந்து குடம் குடமாகப் பிடிக்கிறது, நான் ஒரு குடம் பக்கத்து வீட்டுக்கு ஊற்றுகிறேன், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த வருஷ அப்ரைசலில் மேனேஜர் அதைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதினார். மற்ற டீம்காரர்களும் குரூப்பில் சேர்த்துவிடச் சொன்னார்கள். ஒரு மாதிரி கெத்தாகத்தான் இருந்தது.

2021 ஜூனில் அவன் சேர்ந்தான். பேர் வேண்டாம். சங்கரன்கோவில் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் ஒரு எஞ்சினியரிங் காலேஜ். ஒன்பது மாதம் அவனை லேப்டாப் திரையில் சதுரமாகத்தான் பார்த்தேன். பின்னால் ஒரு பச்சைச் சுவர், சுவரில் பல்லி. முதல் வாரம் "சார்" என்றான். மற்றவர்கள் "ப்ரோன்னு சொல்லு" என்றார்கள். அவனுக்கு அது வாயில் வரவில்லை. என்னை மட்டும் "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

2022-ல் ஆபீஸ் திறந்த பிறகு நேரில் வந்தான். ஒரு நாள் டீக்கடையில் பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தான். கோடு போட்ட, காலேஜில் அசைன்மென்ட் எழுதுகிற நோட்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பில் தேதி. எல்லாமே வெள்ளிக்கிழமைத் தேதிகள். கீழே என் லிஸ்ட், அவன் கையெழுத்தில். பக்கத்தில் கட்டம்: கேட்ட நாள், புரியாத வார்த்தை, அண்ணனிடம் கேட்க வேண்டியது.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு பக்கம் புரட்டப் புரட்ட வயிற்றில் என்னவோ செய்தது. பத்து ஐட்டம் போட்ட வாரங்களில் பத்துக்கும் டிக். ஓரிரண்டு இடத்தில் மட்டும் டிக் இல்லாமல், பக்கத்தில் "மறுபடி கேட்கணும்".

அவன் கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். நான் ஏதோ ஒரு லிஸ்டில், "நான் எல்லாமே 2எக்ஸ் வேகத்துலதான் கேப்பேன், டைம் சேவ்" என்று பெருமையடித்திருக்கிறேன். அவனும் 2எக்ஸில் போட்டுப் பார்த்திருக்கிறான். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அப்புறம் ஒன்றில். கடைசியில் 0.75-க்கு இறக்கியிருக்கிறான். "அதுல போட்டா எல்லாரும் சரக்கடிச்சிட்டுப் பேசுற மாதிரி இருக்கும்ணே. ஆனா புரியும்." ஒரு மணி நேர எபிசோடு அவனுக்கு ஒரு மணி இருபது நிமிஷம். அதுவும் நிறுத்தி நிறுத்தி, எழுதி எழுதி. வாரத்துக்கு நாலு எபிசோடு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் வரும் விளம்பரங்களையும் அவன் விடவில்லை. பாட்காஸ்ட் நடத்துகிறவரே தன் குரலில், பேச்சோடு பேச்சாக, "நாங்க இதைத்தான் பயன்படுத்துறோம்" என்று ஸ்பான்சரைப் பற்றிச் சொல்வார். கேட்டுப் பழகியவனுக்கு அது விளம்பரம் என்று இரண்டாவது நொடியே தெரியும். இவன் அதையெல்லாம் "கற்க வேண்டியவை" என்று தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். பதினேழு கருவிகள். அதில் ஒன்று மெத்தை கம்பெனி.

"இது ஒண்ணு மட்டும் எனக்கு எதுக்குன்னு புரியலண்ணே" என்றான்.

அன்றைக்கு அவன் கேட்ட முதல் கேள்வியே என்னை மாட்டிவிட்டது. மார்ச்சில் நான் போட்ட ஏதோ ஒரு எபிசோடு. "அதுல கடைசில அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போகாம முடிச்சிட்டாங்கல்ல. யாரு சொல்றது சரின்னு நீங்க நெனச்சீங்க?"

நான் டீயை ஊதினேன். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குடா" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

பிறகு பேச்சு மாறியது. அவனுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டேன். அந்தக் கேள்வி ஆபத்தில்லாததாகத் தோன்றியது. "கப்பல் கதைண்ணே" என்றான். எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சிரித்தேன். "நீங்க 'கோரிகர்சிவ்'னு ஒரு பாட்காஸ்ட் போட்டீங்கல்ல, எஸ்க்யூலைட் பத்தி?" என்று அவனே சொல்ல ஆரம்பித்தான்.

அமெரிக்கக் கடற்படையில் ஒரு போர்க்கப்பல். ரிச்சர்ட் ஹிப் என்பவர் அதற்கு ஒரு ப்ரோகிராம் எழுதும் வேலையில் இருக்கிறார். கப்பலில் குழாய் உடைந்தால் எந்த வால்வைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று சொல்லும் ப்ரோகிராம். தகவலெல்லாம் ஒரு டேட்டாபேஸ் சர்வரில். சர்வர் படுத்துவிட்டால் இவருடைய ப்ரோகிராம், 'டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை' என்று திரையில் காட்டும். தப்பு சர்வர் மேல். ஆனால் அந்த மெசேஜைக் காட்டுவது இவருடைய ப்ரோகிராம், அதனால் எல்லோரும் இவரைத்தான் திட்டுகிறார்கள். தகவல் அந்த டிஸ்கிலேயே இருக்கும்போது நடுவில் சர்வர் எதற்கு, நேராக ஃபைலைத் திறந்து படித்தால் என்ன என்று யோசிக்கிறார். 2000-ல் எஸ்க்யூலைட் வருகிறது. சர்வர் கிடையாது, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஒரு ஃபைல். இன்றைக்கு நம் ஒவ்வொருவர் போனிலும், ஒவ்வொரு பிரவுசரிலும் அது உட்கார்ந்திருக்கிறது.

"அதுல டெஸ்ட்ராயர், டெஸ்ட்ராயர்னு சொல்லிட்டே இருந்தாங்கண்ணே. நான் ஏதோ டேட்டாவ அழிக்கிற ப்ரோகிராம்னு நெனச்சிட்டேன். பாதி எபிசோடு அப்படியே போச்சு. அப்புறம் கூகுள் பண்ணாத்தான் தெரியுது, கப்பலாம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். நான் பரிந்துரைத்த கதையை நான் முதல்முறையாகக் கேட்டது அந்த டீக்கடையில்தான். அன்று ராத்திரி அந்த எபிசோடைப் போட்டுக் கேட்டேன், வேகம் கூட்டாமல். அவன் சொன்னதில் ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லிஸ்டை நிறுத்தவும் இல்லை. பத்தை எட்டாக்கினேன், அதுதான் நான் செய்த தியாகம்.

நவம்பரில் அவன் பேப்பர் போட்டான். காரணம் என்று பலதும் இருந்தன. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மேடவாக்கத்தில் அஞ்சு பேர் தங்கிய ரூமின் வாடகை, கொடுத்த ப்ராஜெக்ட் பிடிக்காதது. எல்லாம் என் லிஸ்டால்தான் என்று சொன்னால் அது எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற பெருமை. ஆனால் பெருங்களத்தூரில் அவனை ஊர் பஸ் ஏற்றிவிடப் போனபோது அவன் சொன்னது இதுதான்: "எனக்கு இது செட் ஆகாதுண்ணே. வாரத்துக்குப் பத்து புதுசு வருது. நீங்க பத்தையும் கேட்டுக்கிட்டு, வேலையும் பாத்துக்கிட்டு, சாதாரணமா இருக்கீங்க. என்னால முடியல. நான் கொஞ்சம் மந்தம் போல."

பஸ் வந்தது. மேலே பெர்த். பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

சொல்லவில்லை.

2024-ல் கூகுள் தன் பாட்காஸ்ட் ஆப்பை மூடியது. கூகுள் ஒன்றை மூடுவது செய்தியே இல்லை. 2013 ஜூலை 1 அன்று ரீடரை மூடியபோது பலர் ஒப்பாரி வைத்தார்கள், இதற்கு அந்தச் சத்தம்கூட இல்லை. சந்தாக்களை மட்டும் ஒரு ஃபைலாக எடுத்துக்கொண்டு வேறு ஆப்புக்குப் போய்விடலாம். பாட்காஸ்டின் அழகே அதுதான். அடியில் ஓடுவது ஆர்எஸ்எஸ் என்னும் பழைய ஓடை. 2000 கடைசியில் டேவ் வைனர் அதில் 'என்க்ளோஷர்' என்று ஒன்றைச் சேர்த்தார், ஒரு ஒலிக்கோப்பின் முகவரியைச் சுமந்து வரும் ஒரே ஒரு வரி. ஆப்பை மூடலாம், அந்த வரியை ஒருத்தர் வந்து மூட முடியாது. இதையெல்லாம் நானே ஒரு லிஸ்டில் எழுதியிருக்கிறேன்.

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். 74 சந்தா. ஆப்பின் கேட்ட வரலாற்றையும், மூடுவதற்குள் பார்த்துவிடலாம் என்று திறந்தேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு அது கோடைக்கால ஏரி மாதிரி கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எண்ணினேன். 211.

சாயங்காலம் அவனுக்கு போன் செய்தேன். ஊரில் குரூப் 2-க்குப் படித்துக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பாதிக்கு மேல் நான் கேட்டதே இல்லை, 2எக்ஸ் எல்லாம் சும்மா விட்ட கதை, நீ மந்தம் இல்லை, அந்தப் பத்தையும் முழுசாகக் கேட்ட ஒரே ஆள் நீதான் என்று.

ரொம்ப நேரம் சத்தமில்லை. பின்னால் தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப அந்தக் கப்பலு?"

"அதுவும்தான். நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"ஒரு தடவ சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நான் அந்த ரூம்ல ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்ரூம்ல உக்காந்து கேட்ருக்கேன். மத்தவங்க தூங்கணும்ல."

எனக்குப் பதில் வரவில்லை. அவனே கொஞ்சம் கழித்து வேறு பேச்சு எடுத்தான். மாமாவுக்கு எட்டு விசைத்தறி. பாவு, கூலி, அட்வான்ஸ் கணக்குக்கு ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிப் பார்க்கிறானாம். அங்கே நெட் வரும் போகும், அதனால் எஸ்க்யூலைட். ஒரே ஃபைல், பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடலாம். எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன். "பாதிண்ணே. மாமா இன்னும் நோட்டுலதான் எழுதுறாரு. அவரு நோட்டு என் ப்ரோகிராம விட வேகம்."

அந்த வாரத்திலிருந்து லிஸ்டில் ஒன்றுதான். முழுசாகக் கேட்டது அல்லது படித்தது மட்டும். எத்தனையாவது நிமிஷத்தில் விஷயம் தொடங்குகிறது, எங்கே விளம்பரம், எது எனக்கே புரியவில்லை, பேச்சின் எழுத்து வடிவம் தளத்தில் கிடைக்குமா என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். 'கோரிகர்சிவ்', 'டார்க்நெட் டயரீஸ்' இரண்டுக்கும் கிடைக்கும். ஆங்கிலம் காதுக்குப் பழகாதவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டுக் கேட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். ஒரு வாரம், 1991-ல் செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் வலைப்பக்கத்தைப் போட்டேன். இன்றைக்கு வந்த பிரவுசரிலும் அது ஒழுங்காகத் திறக்கிறது. நான் மூன்று வருஷம் முன்னால் கட்டிய ஒரு பக்கம் இப்போது பில்டுகூட ஆகவில்லை என்பதையும் கீழே எழுதினேன்.

இன்னொரு வாரம் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் எழுதிய ஒரு மெயில். எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்ற நூலகத்துக்குள் யாரோ பின்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தவர். அவர் அதை வெளியிட்ட 2024 மார்ச் 29-உம் வெள்ளிக்கிழமைதான். பாட்காஸ்ட்கள் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசின. அந்த மெயில் படிக்கப் பத்து நிமிஷம். அதைப் படித்தால் போதும் என்று எழுதினேன்.

குரூப்பில் இப்போது கட்டைவிரல்கள் குறைந்துவிட்டன. மற்ற டீமிலிருந்து சேர்ந்தவர்கள் பலர் வெளியே போய்விட்டார்கள். "என்ன ப்ரோ, ஒண்ணுதானா?" என்று புது மேனேஜர் கேட்டார். குரூப்பில் இல்லாத அவனுக்குத் தனியாக அனுப்புகிறேன். முதல் சில வாரம் நீல டிக் மட்டும் விழுந்தது. பிறகு ஒரு நாள், "27வது நிமிஷம் நீங்க சொன்னது தப்பு, அவரு அப்படிச் சொல்லல" என்று வந்தது. கேட்டுப் பார்த்தேன். தப்புதான். குரூப்பில் திருத்தம் போட்டேன்.

இந்த வாரம் இரண்டு எபிசோடு கேட்டேன். ஒன்று முழுக்க செயற்கை நுண்ணறிவைப் பற்றிய புலம்பல், இன்னொன்று முழுக்க அதைப் பற்றிய ஆரவாரம். இரண்டிலும் யாருக்கும் கொடுக்க ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், "இந்த வாரம் எதுவும் இல்லை" என்று மட்டும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து பதில் வந்தது.

"அப்பாடா. போன வாரத்தோடதே பாக்கி இருக்குண்ணே."